இடைமுக வரையறையிலிருந்து உருவாக்கிய சேவை நிரலுக்குள் கோரிக்கைச் சூழலை எவ்வழியில் கொண்டுவருவது?

கேள்வி — பின்தளப்பணி

வணக்கம். எங்கள் சேவையின் ஓப்பன்ஏபிஐ 3.0 வரையறையை (சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் கோப்பை) முதலில் எழுதிவிட்டு, ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் என்னும் கருவியில், ஜாவாவின் வலைச்சேவைத் தரமான ஜாக்ஸ்-ஆர்எஸ்ஸுக்குரிய ஜாக்ஸ்ஆர்எஸ்-ஸ்பெக் வகையைக் கொண்டு ஒவ்வொரு பில்டிலும் ஜாவா இன்டர்ஃபேஸ்களை உருவாக்குகிறோம். இன்டர்ஃபேஸ்ஒன்லி தேர்வை இயக்கியிருப்பதால் கருவி இன்டர்ஃபேஸ்களையும் தரவு வகுப்புகளையும் மட்டுமே தருகிறது. அவற்றைச் செயற்படுத்தும் வகுப்புகளை நாங்களே எழுதுகிறோம். பொருள் ஊசியேற்றத்துக்கு, அதாவது வகுப்புக்குத் தேவையான பொருள்களை வெளியிலிருந்து தருவதற்கு, ஜாவாவின் சிடிஐ பயன்படுத்துகிறோம்.

இந்த வகுப்புகளுக்குள் மூன்று செய்திகள் தேவைப்படுகின்றன: உள்நுழைந்த பயனர் யார், அவர் எந்த வாடிக்கையாளர் நிறுவனத்தைச் சேர்ந்தவர், இந்தக் கோரிக்கையின் தடமறி எண் எது. உருவாக்கப்பட்ட மெத்தடுகளில் இவற்றுக்கு இடமில்லை. வரையறையில் ஹெடர் அளவுருக்களாகச் சேர்த்தால் எல்லா மெத்தடுகளிலும் மூன்று அளவுருக்கள் கூடுவதோடு, அதே வரையறையிலிருந்து உருவாகும் கிளையன்ட் நூலகங்களிலும் அவை தோன்றிவிடும். உருவான கோப்புகளைக் கையால் திருத்தினால் அடுத்த பில்டிலேயே அழிந்துவிடும். கருவியின் டெம்ப்ளேட்டை (நிரலை உருவாக்கும் அச்சுவார்ப்பை) மாற்றி ஒவ்வொரு மெத்தடிலும் கோரிக்கைச் சூழலைத் தரும் @கான்டெக்ஸ்ட் அளவுரு ஒன்றைச் சேர்க்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். இது சரியான வழிதானா?

மறுமொழி — ஒப்பந்தம்முதலில்

டெம்ப்ளேட்டைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கண்டுகொள்ளுங்கள்: இந்தச் செய்தியை அனுப்ப வேண்டும் என்பது அழைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்திருக்க வேண்டுமென்றால் அது வரையறைக்கு உரியது. கோரிக்கைகள் முதலில் வந்தடையும் நுழைவாயிலோ அங்கீகார அடுக்கோ சேர்ப்பது என்றால் வரையறையில் அதற்கு வேலையில்லை. நீங்கள் சொல்லும் மூன்றில் பயனர் அடையாளம் வரையறையின் செக்யூரிட்டிஸ்கீம்ஸ் என்னும் பாதுகாப்புப் பகுதியில் வர வேண்டியது. ஆதரைசேஷன் ஹெடரை அளவுருவாக எழுதினாலும் பயனில்லை. ஆக்செப்ட், கன்டென்ட்-டைப், ஆதரைசேஷன் என்னும் பெயர்களில் ஹெடர் அளவுருவை வரையறுத்தால் அது புறக்கணிக்கப்படும் என்று ஓப்பன்ஏபிஐ 3.0 விவரக்குறிப்பே கூறுகிறது. தடமறி எண்ணுக்கு ட்ரேஸ்பேரன்ட் என்னும் பொது ஹெடர் இருக்கிறது. அதை ஒவ்வொரு செயலிலும் மறுபடி எழுதுவது வீண்.

உங்கள் கேள்விக்கு நேரடி விடை: மெத்தடில் இடமில்லாவிட்டாலும் வகுப்பில் இடமுண்டு. நீங்கள் எழுதும் வகுப்பில் செக்யூரிட்டிகான்டெக்ஸ்ட், எச்டிடிபிஹெடர்ஸ், யூஆர்ஐஇன்ஃபோ ஆகியவற்றை @கான்டெக்ஸ்ட் அனோட்டேஷனுடன் ஃபீல்டுகளாக அறிவிக்கலாம். வகுப்பின் பொருள் ஒன்றே ஒன்றாக இருந்து பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கையாண்டாலும் குழப்பம் நேராது. அவ்வாறு ஏற்றப்படும் பொருள் அந்தந்தக் கோரிக்கைக்குரிய சூழலைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஜாக்ஸ்-ஆர்எஸ் விவரக்குறிப்பு கட்டாயப்படுத்துகிறது, நடைமுறையில் அது த்ரெட்டுக்குரிய (இணையாக ஓடும் ஒவ்வொரு செயல்தடத்துக்கும் உரிய) ப்ராக்ஸியாகவே, அதாவது உண்மைப் பொருளுக்கு அழைப்பைக் கடத்தும் பதிலியாகவே, அமைகிறது. எச்டிடிபிசர்வ்லெட்ரெக்வெஸ்ட் மட்டும் சர்வ்லெட் கன்டெய்னரில்தான் கிடைக்கும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செயற்படுத்தும் மெத்தடின் மேல் @ப்ரொட்யூசஸ் போன்ற ஒரே ஒரு ஜாக்ஸ்-ஆர்எஸ் அனோட்டேஷனை நீங்கள் எழுதினாலும், இன்டர்ஃபேஸில் அந்த மெத்தடுக்கு இருந்த @கெட், @பாத் உள்ளிட்ட அனைத்தும் கணக்கில் எடுக்கப்படா. கம்பைலர் ஒன்றும் சொல்லாது. அழைத்துப் பார்த்தால் 404 வரும். ஆகவே மெத்தடுகளின் மேல் எதையும் எழுதாதீர்கள். ஃபீல்டுகளில் எழுதுவதால் இந்தச் சிக்கல் வராது.

டெம்ப்ளேட்டை மாற்றும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். டெம்ப்ளேட்டான மஸ்டாஷ் கோப்பை நகலெடுத்துத் திருத்திய நாளிலிருந்து, கருவியின் ஒவ்வொரு புதிய பதிப்புடனும் அந்த நகலை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும்.

மறுமொழி — மூன்றாம்அடுக்கு

மேலே சொன்னது இயங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வணிக விதிகளை எழுதும் வகுப்புக்குள் எச்டிடிபிஹெடர்ஸ் நுழைவதை நான் விரும்புவதில்லை. ஹெடரின் பெயர் மாறினால் எத்தனை கோப்புகளைத் திறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோரிக்கை மெத்தடை அடைவதற்கு முன் ஓடும் கன்டெய்னர்ரெக்வெஸ்ட்ஃபில்டர் ஒன்றை எழுதி, அங்கேயே ஹெடர்களையும் பயனரை அடையாளம் காட்டும் டோக்கனையும் படித்து, உங்களுடைய சொந்த வகுப்பான ‘அழைப்புச்சூழல்’ என்னும் @ரெக்வெஸ்ட்ஸ்கோப்டு (ஒரு கோரிக்கை முடியும்வரை மட்டும் வாழும்) பொருளில் அந்த மூன்று மதிப்புகளையும் நிரப்பிவிடுங்கள். சேவை வகுப்பு அதைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் பெறட்டும். சோதனை எழுதும்போது சர்வரும் வேண்டாம், போலி ஹெடர்களும் வேண்டாம். மூன்று மதிப்புகளோடு ஒரு பொருளை உருவாக்கிக் கொடுத்தால் போதும்.

ஃபில்டரின் முன்னுரிமை எண்ணைக் கவனியுங்கள். கோரிக்கை ஃபில்டர்கள் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணை நோக்கி ஓடுகின்றன. அங்கீகாரத்துக்கான (பயனர் யார் என்று உறுதிசெய்யும் ஆதென்டிகேஷனுக்கான) மாறிலி 1000, எதுவும் குறிப்பிடாவிட்டால் 5000. உங்கள் அங்கீகாரமும் ஒரு ஃபில்டரில்தான் நடக்கிறதென்றால், சூழலை நிரப்பும் ஃபில்டர் அதற்குப் பின்னரே ஓட வேண்டும். இல்லையேல் பயனர் பெயர் வெறுமையாகவே கிடைக்கும். நிறுவன அடையாளத்தையும் ஹெடரில் வந்தபடியே நம்பிவிடாதீர்கள். நுழைவாயிலைத் தாண்டி யாரேனும் சேவையை நேரடியாக அழைக்க முடியுமானால் அந்த ஹெடரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். டோக்கனில் உள்ளதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் 403 (அனுமதியில்லை) கொடுத்து ஃபில்டரிலேயே நிறுத்துங்கள்.

இந்தச் சிக்கல் புதியதும் அன்று. பழைய சோப் சேவைகளின் வரையறையான டபிள்யூஎஸ்டிஎல் கோப்பிலிருந்து டபிள்யூஎஸ்இம்போர்ட் கருவி உருவாக்கிய இன்டர்ஃபேஸ்களிலும் சூழலுக்கு இடமிருந்ததில்லை. வெப்சர்வீஸ்கான்டெக்ஸ்ட் என்பதை @ரிசோர்ஸ் கொண்டு ஃபீல்டில்தான் பெற்றோம். (அந்தக் கருவி ஜாவா 11இல் ஜேடிகேயிலிருந்தே நீக்கப்பட்டது.) தொலைவழைப்பு முறையான ஜிஆர்பிசியில் இரண்டு போக்கையும் காணலாம்: கோ மொழிக்கு உருவாகும் வழக்கமான மெத்தடுகளில் கான்டெக்ஸ்ட் முதல் அளவுருவாகவே வருகிறது, ஜாவாவில் அளவுரு கிடையாது, இன்டர்செப்டரில் நிரப்பிப் பின்னர் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு கோவின் வழியே பிடித்திருக்கிறது, ஏனென்றால் எந்த மெத்தடு சூழலைச் சார்ந்திருக்கிறது என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. ஆனால் நம் கருவி அதைத் தராதபோது வம்படியாகத் திணிக்க வேண்டியதில்லை.

கேட்டவர் — பின்தளப்பணி

இருவருக்கும் நன்றி. ஃபில்டர் வழியைச் செயற்படுத்திவிட்டேன்; பெரும்பாலான செயல்கள் சரியாக ஓடுகின்றன. ஆனால் அறிக்கை தயாரிக்கும் செயல் 202 (ஏற்றுக்கொள்ளப்பட்டது) என்று உடனே விடையளித்துவிட்டு, வேலையைப் பின்னணி த்ரெட்டில் ஓட்டும் எக்ஸிக்யூட்டரிடம் ஒப்படைக்கிறது. அழைப்புச்சூழல் பொருளை அந்த வேலைக்கு அளவுருவாகவே கொடுத்திருக்கிறேன். இருந்தும் கான்டெக்ஸ்ட்நாட்ஆக்டிவ்எக்ஸெப்ஷன் (சூழல் செயலில் இல்லை என்னும் பிழை) வருகிறது. பொருளையே கையில் கொடுத்த பிறகும் ஏன்?

மறுமொழி — மூன்றாம்அடுக்கு

நீங்கள் கொடுத்தது பொருளை அன்று, அதன் ப்ராக்ஸியை. அதன்மேல் மெத்தடை அழைக்கும் ஒவ்வொரு முறையும், அழைக்கும் த்ரெட்டில் எந்தக் கோரிக்கை உயிரோடிருக்கிறது என்று அது தேடுகிறது; பின்னணி த்ரெட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே எக்ஸிக்யூட்டரிடம் கொடுப்பதற்கு முன்பே, கோரிக்கையின் த்ரெட்டில் இருக்கும்போதே, மூன்று மதிப்புகளையும் படித்து மாற்ற முடியாத ரெக்கார்டு ஒன்றில் வைத்து அதை அனுப்புங்கள்.

ஜாவா சேவைகளுக்கான தரத்தொகுப்பான மைக்ரோப்ரொஃபைலின் மேனேஜ்டுஎக்ஸிக்யூட்டர் சூழலைக் கடத்தித் தரும் என்று யாராவது சொல்லலாம். ஒரு கோரிக்கைக்குள்ளேயே சில அழைப்புகளை இணையாக ஓட்டி, அவை முடிந்த பின் விடையளிப்பதாக இருந்தால் அது நன்று. உங்கள் வேலையோ கோரிக்கை முடிந்த பிறகும் ஓடுகிறது. முடிந்த கோரிக்கையின் சூழலைக் கடத்திப் பயனில்லை. ஒரு த்ரெட்டின் மதிப்பை அது உருவாக்கும் த்ரெட்டுக்குத் தரும் இன்ஹெரிடபிள்த்ரெட்லோக்கல் பக்கம் போகவே வேண்டாம்: த்ரெட் உருவாகும் கணத்தில் மட்டுமே அது மதிப்பை நகலெடுக்கும், த்ரெட் தொகுப்பிலோ அதே த்ரெட் பல வேலைகளுக்கு மீண்டும் மீண்டும் பயன்படும். ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் இன்னொரு நிறுவனத்தின் தரவு வந்து நிற்கும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல்.

லாக்குகளில் தடமறி எண் வேண்டுமென்றால், லாக் வரிகளில் சேர்க்க வேண்டிய மதிப்புகளை வைக்கும் எம்டிசியும் த்ரெட்டைச் சார்ந்ததே என்பதால், வேலையின் தொடக்கத்தில் ரெக்கார்டிலிருந்து எடுத்து அதில் இட்டு, ஃபைனலி பகுதியில் நீக்கிவிடுங்கள்.