லோப் பம்ப்: சிஐபி முடிந்த பிறகும் ஸ்வாப் தேறவில்லை

களிம்புப்பிரிவு:
கிரீம் தயாரிக்கும் டேங்கிலிருந்து நிரப்பும் மெஷினுக்கு லோப் பம்ப் (இதழ் வடிவ ரோட்டர்கள் சுற்றித் தள்ளும் பம்ப்) வழியாக அனுப்புகிறோம், 2 இன்ச் லைன். 316எல் ஸ்டீல், உள்பக்க பாலிஷ், சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் சிஐபி (கழற்றாமலே உள்ளே கழுவுவது) முடித்து முன்மூடியைக் கழற்றி ஸ்வாப் (துடைத்தெடுத்து எச்சம் பார்க்கும் சோதனை) எடுத்தால் மூன்றில் ஒரு தடவை ஃபெயில். ரோட்டருக்கு அடியில் தண்ணீரும் தேங்கி நிற்கிறது. போதாததற்கு மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாட்டிய ஒரு மாதத்தில் உப்பிப்போய்ப் பள்ளத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. கிரீமில் லிக்விட் பாராஃபின் அதிகம். கழுவும் தண்ணீரையும் இதே பம்ப்தான் ஓட்டுகிறது. டிடர்ஜென்ட் நேரத்தைக் கூட்டலாமா, பம்பையே மாற்றச் சொல்லலாமா?

குழாய்வழி:
இரண்டும் வேண்டாம். தண்ணீர் தேங்குகிறது என்றால் போர்ட் (உள்ளே வரும், வெளியே போகும் வாய்) இரண்டும் பக்கவாட்டில் இருக்கும், பாருங்கள். மேலும் கீழுமாகத் திருப்பி வைத்தால்தான் கேசிங் (பம்பின் கூடு) தானாக வடியும். பல மாடல்களில் கியர்பாக்ஸின் காலை மாற்றிப் பொருத்தினாலே போதும். அடுத்தது வேகம். கழுவும்போது குழாயில் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகமாவது வேண்டும் என்பார்கள், 2 இன்ச்சுக்கு அது மணிக்கு சுமார் 9,500 லிட்டர். கெட்டியான கிரீமுக்காக மெதுவாகச் சுற்றும் பம்ப் இதைத் தராது, தண்ணீர் மெலிதாக இருப்பதால் ரோட்டர் இடைவெளி வழியாகப் பின்னாலேயே நழுவிவிடும். தனி சென்ட்ரிஃபியூகல் பம்ப் வைத்துத் தள்ளுங்கள், லோப் பம்பைச் சுற்றி பைபாஸ் (மாற்றுவழிக் குழாய்) போடுங்கள், லோபும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கட்டும். பைபாஸை முழுக்கத் திறந்துவிட்டால் எல்லாத் தண்ணீரும் அந்த வழியாகவே போய்விடும், பம்புக்குள் ஒன்றும் கழுவப்படாது. இந்தத் தவறைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சீல்_பராமரிப்பு:
ஓ-ரிங் இபிடிஎம் என்ற ரப்பரா? அது நீராவியை நன்றாகத் தாங்கும், மினரல் ஆயிலில் உப்பும். பாராஃபினுக்கு எஃப்கேஎம் (எண்ணெய் தாங்கும் ரப்பர்) கேளுங்கள். எஸ்ஐபி (கழற்றாமலே நீராவியால் கிருமி நீக்குவது) செய்வீர்கள் என்றால் நீராவி தாங்கும் கிரேடா என்பதையும், யுஎஸ்பி கிளாஸ் 6 (ரப்பர் உடலுக்குக் கேடில்லை என்ற சோதனை) சான்றிதழையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் ரோட்டருக்குப் பின்னால் மெக்கானிக்கல் சீலிலும் (சுற்றும் தண்டில் கசிவைத் தடுப்பது) அதே ரப்பர் இருக்கும். மூடியின் ஓ-ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஸ்வாப் அங்கிருந்தும் ஃபெயில் ஆகலாம்.

களிம்புப்பிரிவு:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். போர்ட் பக்கவாட்டில்தான் இருக்கிறது, ஸ்பேர் பாக்கெட்டில் இபிடிஎம் என்றே போட்டிருக்கிறது! இந்த ஷட்டவுனிலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

கியூஏ_மேசை:
சேஞ்ச் கன்ட்ரோல் (மாற்றத்துக்கு எழுத்தில் ஒப்புதல்) போடாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். ரப்பர் மாறுகிறது, கழுவும் முறையும் மாறுகிறது, அதனால் கிளீனிங் வேலிடேஷன் (கழுவும் முறை சரிதான் என்று நிரூபிப்பது) மறுபடி செய்தாக வேண்டும். ஸ்வாப் எடுக்கும் இடங்களில் சீல் முகப்பையும் சேர்த்துவிடுங்கள். எஸ்ஐபி 121 டிகிரி என்றால், கேசிங் ஆறும்வரை ரோட்டரைச் சுற்றக் கூடாது என்று எஸ்ஓபியில் (எழுதிவைத்த செயல்முறை) ஒரு வரி எழுதுங்கள். சூட்டில் விரிந்து உரசினால் ஸ்டீல் துகள் நேராக மருந்துக்குள் போகும்.