ஜெர்மனியில் மாஸ்டர்ஸ், ஜூலை 15 நெருங்குகிறது, கையில் பணம் இல்லை: அவசரம்

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பி.இ. ஈசிஇ முடித்திருக்கிறேன், இங்கே மாஸ்டர்ஸ் சேர வேண்டும். சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் கேட்டதற்கு, ஜூலை 15தான் கடைசி நாள், அதற்குள் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் டிகிரியைச் சரிபார்த்துத் தருவது) வாங்கி 11,904 யூரோவும் அக்கவுண்டில் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு பணத்துக்கு நாங்கள் எங்கே போவது? ராத்திரி தூக்கமே வரவில்லை. பணம் காட்டாமல் அப்ளை பண்ண வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆகன்_மதுரை:
வழியே இல்லைங்க. மாதம் 992 யூரோ, பன்னிரண்டு மாதத்துக்கு 11,904. பிளாக்ட் அக்கவுண்ட் (மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) இல்லாமல் ஸ்டூடண்ட் விசா கிடைக்காது. நான் அப்பாவின் நிலத்தை வைத்து பேங்க் லோன் வாங்கித்தான் வந்தேன். வந்த பிறகாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. ரூம் கிடைக்காமல் ஒரு நண்பனின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு, அட்ரஸ் இல்லாததால் அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) முடியாமல், அன்மெல்டுங் இல்லாததால் மாதப் பணத்தை எடுக்கவும் முடியாமல் தவித்தேன். பணத்தை முதலில் ரெடி பண்ணுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

கோவை_பெர்லின்:
வழியே இல்லை என்பது தவறு. ஜெர்மனியில் போதிய வருமானத்தோடு இருக்கும் ஒருவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கலாம், ஸ்காலர்ஷிப் கடிதமும் ஏற்பார்கள். அப்புறம் ஏபிஎஸ் விசாவுக்குத்தான். ஜெர்மனிக்கே வந்துவிட்ட உங்களுக்கு அது எதற்கு?

வூப்பர்டால்_அண்ணை:
பிள்ளை, இந்த ஏபிஎஸ் இந்தியா, சீனா, வியட்நாம் ஆட்களுக்குத்தான். என் மருமகள் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தபோது அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் ஜேர்மனிக்கு வந்த காலத்தில் எங்களுக்குப் படிப்பு என்ற எண்ணமே வரவில்லை, ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவித்தான் மொழி பிடித்தோம். முதலில் மொழியைப் படியுங்கள். அது இருந்தால் எந்தக் கந்தோரிலும் (அலுவலகத்திலும்) நின்று பேசலாம்.

ஆகன்_மதுரை:
மொழி சரி அண்ணை, வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? வீடு பார்க்கப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள், படிக்க வந்தவனிடம் அது எங்கே இருக்கும்? வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மெயில் போட்டால் பதில் இல்லை, திடீரென்று தபாலில் ஒரு கடிதம் வருகிறது, அதில் போட்டிருக்கும் தேதி அடுத்த நாளே முடிகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது.

கோவை_பெர்லின்:
பெர்லினில் இன்னும் மோசம். நானும் பாதிக்கப்பட்டேன்.

ஸ்டுட்கார்ட்_அக்கா:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பெண்ணைப் பேச விடுவோம். தங்கச்சி, நீங்கள் எந்த விசாவில் வந்தீர்கள்? எந்த ஊர்? நீங்கள் சொல்லாத அந்த இரண்டில்தான் எல்லாமே இருக்கிறது.

புதுவரவு:
மன்னிக்கவும் அக்கா. கணவருக்கு இங்கே ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டவர்களுக்கான வேலை அனுமதி) வேலை, நான் ஸ்பௌஸ் விசாவில் வந்தேன். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

ஸ்டுட்கார்ட்_அக்கா:
அப்படியென்றால் அந்த 11,904 யூரோவை மறந்துவிட்டு இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்கள். அது ஸ்டூடண்ட் விசாவுக்கு வைத்த நிபந்தனை. உங்கள் குடியிருப்பு அனுமதியிலேயே படிக்கலாம், வேலையும் பார்க்கலாம். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு வருடத்துக்கு 140 முழு நாள் என்று இருக்கிற வேலை வரம்பு உங்கள் அனுமதிக்கு இல்லை. அட்மிஷனுக்குப் பல்கலைக்கழகம் பிளாக்ட் அக்கவுண்ட் கேட்பதில்லை. கணவர் அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் இருந்து உங்களுக்கு வருமானம் இல்லை என்றால் அதிலேயே நீங்களும் குடும்ப உறுப்பினராக இருக்கலாம், மனைவிக்கு வயது வரம்பு கிடையாது. சேரும்போது காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்குத் தகவல் அனுப்பிவிடும்.

ஆனால் ஏபிஎஸ் விஷயத்தில் பெர்லின் தம்பி சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். விசாவுக்கு அது 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், உங்களுக்கு விசா தேவையில்லை, அது சரி. ஆனாலும் இந்தியப் பட்டம் என்றால் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே அதைக் கேட்கின்றன, நீங்கள் எங்கே குடியிருந்தாலும் சரி. ஆன்லைனில் பதிவு செய்து, கட்டணம் 18,000 ரூபாய் கட்டி, கையெழுத்திட்ட படிவத்தையும் சான்றிதழ் நகல்களையும் ஏபிஎஸ் தளத்தில் சொல்லியிருக்கும் விதத்தில் அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் அதற்கும் மேல். இந்த வாரமே தொடங்குங்கள். பெயர் விஷயத்தில் கவனம்: டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, திருமணச் சான்றிதழின் நகலையும் வையுங்கள்.

ஜூலை 15ஐ நினைத்து இப்படிப் பதற வேண்டாம். அந்தத் தேதி எல்லாப் படிப்புக்கும் பொருந்தாது, ஆங்கிலத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் பல மார்ச், மே மாதங்களிலேயே மூடிவிடும். ஏப்ரலில் தொடங்கும் படிப்புகளும் உண்டு, அவற்றில் பலவற்றுக்கு ஜனவரி 15 வரை நேரம் இருக்கிறது. அவசரத்தில் அரைகுறையாக அனுப்புவதைவிட அதைக் குறிவைப்பது நல்லது. டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்தில் ஆங்கிலப் படிப்புகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் நேரடி விண்ணப்பமா யூனி அசிஸ்ட் (பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அமைப்பு) வழியா என்று பாருங்கள். யூனி அசிஸ்ட் என்றால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. பணம் போய்ச் சேராமல் கோப்பைத் தொட மாட்டார்கள், சரிபார்க்க நாலு முதல் ஆறு வாரம் எடுப்பார்கள்.

இன்னொரு செலவும் உண்டு. உங்கள் மாநிலமான பாடன் வூர்ட்டம்பெர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு 2017லிருந்து ஒவ்வொரு செமஸ்டருக்கும் 1,500 யூரோ கட்டணம். சில வகைக் குடியிருப்பு அனுமதிகளுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் கார்டில் எந்தச் சட்டப்பிரிவு அச்சிட்டிருக்கிறது என்று குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

புதுவரவு:
அக்கா, இதைப் படித்துவிட்டு அழுகையே வந்துவிட்டது. ரொம்ப நன்றி. என் சிஜிபிஏ 7.6. அது போதுமா?

ஸ்டுட்கார்ட்_அக்கா:
பத்துக்கு 7.6, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்று வைத்தால் ஜெர்மன் கணக்கில் சுமார் 2.4 வரும் (இங்கே எண் குறைந்தால்தான் நல்ல மதிப்பு). 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பு கேட்கும் படிப்புகள் நிறைய, அதனால் வாய்ப்பு இருக்கிறது. குறைந்தபட்சப் புள்ளி எது என்பதை வைத்து இந்த எண் மாறும், உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் கிரேடு விவரம் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதவில்லை என்றால் இப்போதே தேதி வாங்குங்கள், பெரும்பாலும் 6.5 கேட்பார்கள். பார்த்து வைத்திருக்கும் படிப்புகளின் பெயரை இங்கே போடுங்கள். அவற்றின் சேர்க்கை விதிகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் இருக்கும், நான் படித்துச் சொல்கிறேன்.