ஆல்ஃபா ஒன் கீழ் ஷிஃப்ட் கேபிள்: மாற்றியவர்கள் சொல்லுங்கள்

படகுத்துறை:
1988 மெர்க்ரூசர் படகு எஞ்சின், முதல் தலைமுறை ஆல்ஃபா ஒன் டிரைவ் (படகின் பின்புறம் வெளியே தொங்கும் கியர், புரொப்பெல்லர் பகுதி). எஞ்சினிலிருந்து டிரைவுக்குப் போய் கியரை மாற்றுவதுதான் கீழ் ஷிஃப்ட் கேபிள். கியரிலிருந்து நியூட்ரலுக்கு இழுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். கார்புரேட்டர், ஐடில் எல்லாம் சரிபார்த்தும் பலனில்லை. ஒருவர் லீவரை இழுக்க, இன்னொருவர் எஞ்சின் மேலுள்ள ஷிஃப்ட் பிளேட்டை (லீவர் கேபிளும் கீழ் கேபிளும் சேருமிடம்) பார்த்தபோதுதான் பிடிபட்டது. இன்டரப்ட் சுவிட்சின் உருளை வி வடிவப் பள்ளத்தை விட்டு ஏறியது, திரும்ப இறங்கவே இல்லை. கியர் பற்கள் விடுபட ஒரு கணம் மட்டும் இக்னிஷனை நிறுத்த வேண்டிய சுவிட்ச், கேபிள் இறுகியதால் அப்படியே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தவரை கீழ் கேபிளின் உறை வெடித்து, உள்கம்பியில் துரு.

ஏரிவாசி:
அந்தச் சுவிட்சின் ஒயரைக் கழற்றினால் அணையாது. பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பழைய_டிரைவ்:
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சுமையோடு பற்களைப் பிடுங்கினால் விளிம்பு தேய்ந்து, பிறகு கியர் தானாகவே நழுவும். கீழ் யூனிட்டைப் பிரிக்கிற செலவு கேபிள் விலையைப் போல் பல மடங்கு. சோதனையும் சுலபம். ரிமோட் கேபிளை (லீவரிலிருந்து வருவது) ஷிஃப்ட் பிளேட்டிலிருந்து கழற்றி, ஒருவர் புரொப்பெல்லரைச் சுற்ற, கீழ் கேபிளைக் கையால் தள்ளி இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கோளாறு ரிமோட் பக்கம். சிக்கினால் பெரும்பாலும் கீழ் கேபிள்தான்.

படகுத்துறை:
பெல் ஹவுசிங்கை (டிரைவைப் படகோடு இணைக்கும் உலோக உறை) கழற்றாமல் கேபிளை மாற்ற வழி உண்டா?

பழைய_டிரைவ்:
டிரைவை மட்டும் இறக்கிவிட்டு முயன்றால் கேபிள் நட்டை ஒழுங்காகப் பிடிக்க முடியாது. பாதியில் உறை முறுக்கிக்கொள்ளும். ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் ஹிஞ்ச் பின் இரண்டையும் எடுத்து ஹவுசிங்கைப் பின்னுக்கு இழுப்பதே நல்லது. ஹிஞ்ச் பின்னுக்குத் தனி அறுகோண பிட், கேபிள் நட்டுக்குப் பக்கவாட்டில் வெட்டுள்ள சாக்கெட் கட்டாயம். பூட்டும்போது நட்டின் மரையில் சீலன்ட் தடவுங்கள். அந்தச் சின்ன ஷிஃப்ட் கேபிள் பெல்லோஸை (கேபிளைச் சுற்றியுள்ள மடிப்பு ரப்பர் உறை) மறந்துவிடாதீர்கள். அது கிழிந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள் வரும். இவ்வளவு பிரித்தபின் யு ஜாயின்ட் (சுழல்தண்டின் மூட்டு) பெல்லோஸையும் தண்ணீர்க் குழாயையும் பழையதாகவே விடுவதில் அர்த்தமில்லை. சுழல்தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கையும் விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

வடக்கு_ஏரி:
சிக்கல் பிரிப்பதில் இல்லை, அளவில்தான். உள்கம்பியை டிரைவ் பக்கமிருந்து கிரீஸ் தடவி உள்ளே தள்ளி, எஞ்சின் பக்கத்து முனையில் ஸ்க்ரூவால் இறுக்குவோம். அந்த முனைத் துளையின் நடுவிலிருந்து பித்தளை பேரலின் (கேபிளில் நகர்த்திச் சரிசெய்யும் உருளை) நடுவுக்குச் சரியாக 6 அங்குலம் வேண்டும். ஒரு படகில் கால் அங்குலம் தவறி, ரிவர்ஸ் விழவே இல்லை. முனையைப் பிடிக்கும் நட்டை முழுக்க இறுக்கக்கூடாது. தொட்டதும் அரைச் சுற்று பின்னால் விடுங்கள். இறுக்கினால் புதுக் கேபிளிலும் அதே அணைதல்தான்.

படகுத்துறை:
அதைச் சொன்னது நல்லதாயிற்று. இங்கே நட்டு முழுக்க இறுகியிருந்தது.

வடக்கு_ஏரி:
டிரைவைத் திரும்ப ஏற்றும்போது டிரைவும் கேபிளும் ஃபார்வர்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஷிஃப்ட் இணைப்பு சேராது. டிரைவ் உள்ளே போகவில்லையென்றால் நட்டைப் போட்டு இழுக்காதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். டிரைவைப் பிடிக்கும் ஆறு நட்டுகளையும் 50 அடி-பவுண்டு முறுக்குவிசையில் இறுக்குங்கள்.