நியூஜெர்சி பிள்ளைங்க 8 மணிக்கே வந்து உக்காந்துட்டாங்க, என் காலண்டர் 9ங்குது. டைம் ஸோன் தெரிஞ்சவங்க உதவுங்க

பாட்டுடீச்சர்_திருநகர்
எல்லாருக்கும் வணக்கம். மதுரை திருநகர்ல இருந்து ஆன்லைன்ல பாட்டு சொல்லிக் குடுக்குறேன், ரெண்டு பேட்ச். நியூஜெர்சி பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை காலைல 6.30, அதாவது அவங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி 8. லண்டன் பிள்ளைங்களுக்கு அதே சனிக்கிழமை மத்தியானம் 3.30, அவங்களுக்கு காலைல 10. நவம்பர் கடைசில கூகுள் காலண்டர்ல வாராவாரம் வர்ற மாதிரி போட்டு இன்வைட் அனுப்புனேன், இத்தனை நாளா ஒரு கொறையும் இல்ல.

இன்னைக்கு மார்ச் 14, காலைல 5.40க்கு பல்லு வெளக்கிட்டு இருக்கேன், போன் அடிச்சுக்கிட்டே கெடக்கு, எடுத்தா ஒரு அம்மா "டீச்சர், பத்து நிமிசமா பிள்ளைங்க உக்காந்துருக்கு, நீங்க வரவே இல்லையே"ங்குறாங்க. பாதிப் பேர் பழக்கத்துல 8 மணிக்கு வந்துட்டாங்க, மீதிப் பேர் காலண்டர் 9னு காட்டுதுன்னு 9க்கு வந்தாங்க, ஒரே ஸரிகம வரிசைய ரெண்டு தடவ எடுத்தேன், தொண்டை போச்சு. செட்டிங்ஸ்ல ரெண்டாவது டைம் ஸோன்னு நியூயார்க்க சேத்துப் பாத்தேன், பக்கத்துல ஒரு வரிசை மணி கூட வந்துச்சே தவிர ஒண்ணும் மாறல. காலண்டர் கெட்டுப்போச்சா?

நைட்ஷிப்ட்_நாகமலை
அக்கா, காலண்டர் சரியாத்தான் இருக்கு, ஊருதான் மாறிப்போச்சு. அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வப்பாய்ங்க, இந்த வருசம் அது மார்ச் 8. நவம்பர் மொத ஞாயித்துக்கிழமை பழையபடி பின்னால. நமக்கும் நியூஜெர்சிக்கும் குளிர்காலத்துல பத்தரை மணி நேரம் வித்தியாசம், இப்ப ஒம்போதரை. நீங்க போட்டது நம்மூரு டைம் 6.30, அது 6.30லயே நிக்கிது, அவங்க பக்கம்தான் 8 போயி 9 ஆயிருச்சு. ரெண்டாவது டைம் ஸோன் சும்மா பாக்குறதுக்குத்தான், கிளாஸத் தொடாது.

லண்டன் பேட்சுக்கும் இதே கூத்து வரும், ஆனா இப்ப இல்ல, அவங்க மாத்துறது மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை, 29ந்தேதி. நடுவுல இந்த மூணு வாரம் ஒரு பேட்ச் மாறிருக்கும் இன்னொண்ணு மாறாது, எங்க ஆபீஸ்ல வருசா வருசம் இதுல ஒரு மீட்டிங்காவது மண்ணாப் போகும்.

மேலமாசி_வீதி
எதுக்கு இவ்வளவு? 6.30தான் கிளாஸ், வந்தா வாங்கன்னு சொல்லிருங்க டீச்சர். குடுக்குறவங்க நேரம்தான் நேரம்.

பாட்டுடீச்சர்_திருநகர்
சொல்லிருவேன் தம்பி, ஆனா அந்த பேட்ச்ல எல்லாம் ஏழு எட்டு வயசுப் பிள்ளைங்க, ராத்திரி 9 மணிக்கு ஸரிகம சொன்னா பாதில கொட்டாவி விடும். அதுக்காக 5.30க்கு எனக்கும் தொண்டை தெறக்காது.

நைட்ஷிப்ட்_நாகமலை
அப்ப முதல்ல யாரு ஊரு மணி அசையாம நிக்கணும்னு முடிவு பண்ணுங்க. பிள்ளைங்க தூங்குற நேரம்தான் முக்கியம்னா கிளாஸ அவங்க ஊரு டைம்லயே போடணும், அப்புறம் நகர்றது நம்ம பக்கம், காலண்டர் தானா நகத்திக்கும். வர்ற வார கிளாஸத் தெறந்து எடிட் போங்க, மணிக்குப் பக்கத்துல டைம் ஸோன்னு ஒண்ணு இருக்கும், அதுல ஈஸ்டர்ன் டைம் நியூயார்க் எடுங்க. சேவ் பண்ணும்போது கேக்கும், "இதும் இதுக்கு அடுத்ததும்" குடுங்க. "எல்லாமே" குடுத்துறாதீங்க, நடந்து முடிஞ்ச கிளாஸெல்லாம் சேந்து மாறி எல்லார் மெயிலுக்கும் நோட்டீஸ் போகும்.

வாட்ஸாப்ல எழுதும்போது இந்தியா டைமுக்கு "ஐஎஸ்டி"னு மட்டும் போடாதீங்க, அயர்லாந்துலயும் இஸ்ரேல்லயும் அவங்கவங்க டைமுக்கு அதே மூணெழுத்துதான். "மதுரை 6 மணி, நியூஜெர்சி வெள்ளி 8.30"னு ரெண்டு ஊரையும் எழுதிருங்க.

வைகைக்கரை_பெருசு
நம்ம நாட்டுலயும் இந்த வேலைய பண்ணுனாங்க தெரியுமா, ரெண்டாம் உலகப்போர் சமயம் 1942ல ஆரம்பிச்சு 45 வரைக்கும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால ஓடுச்சு. எங்கய்யா "பழைய மணியா புது மணியா"ன்னு கேட்டுட்டுத்தான் பஸ்ஸுக்குக் கெளம்புவாராம். சரி சரி, இழைய கெடுக்கல.

பாட்டுடீச்சர்_திருநகர்
பெத்தவங்ககிட்ட பேசி அவங்க 8.30னு வச்சாச்சு, இப்ப எனக்கு 6, நவம்பருக்கு அப்புறம் 7, பரவால்ல. ஆனா மாத்துனதும் கிளாஸ் ஞாயித்துக்கிழமை காலைல போயி உக்காந்துருச்சு!! லண்டனையும் அதே மாதிரி மாத்துனேன், ஏப்ரலுக்குப் போயிப் பாத்தா இன்னும் எனக்கு 3.30னே நிக்கிது. 2.30 ஆகணும்ல?

நைட்ஷிப்ட்_நாகமலை
ஏப்ரலுக்குப் போயிப் பாத்தீங்க பாருங்க, அதுதான் சரியான சோதனை, நவம்பர் 7க்கும் போயிப் பாத்துருங்க. ஞாயித்துக்கிழமை ஆனது ஏன்னா தேதிய சனிக்கிழமையாவே விட்டுட்டீங்க, நியூயார்க் சனிக்கிழமை ராத்திரி நமக்கு ஞாயிறு காலைல. டைம் ஸோன் மாத்துனா தேதியும், வாராவாரம்ங்குறதுல கெழமையும் வெள்ளிக்கு மாறணும்.

லண்டனுக்கு லிஸ்ட்ல எதத் தொட்டீங்க?

பாட்டுடீச்சர்_திருநகர்
க்ரீன்விச் மீன் டைம். க்ரீன்விச் லண்டன்லதானே இருக்கு, பள்ளிக்கூடத்துல படிச்சது.

நைட்ஷிப்ட்_நாகமலை
ஹாஹா, அங்கதான் வழுக்கிட்டீங்க. க்ரீன்விச் இருக்குறது லண்டன்தான், ஆனா லண்டன்காரய்ங்களே கோடைகாலத்துல அந்த டைம்ல இருக்க மாட்டாய்ங்க, ஒரு மணி நேரம் முன்னாடி போயிருவாய்ங்க. வருசம் பூரா அதுலயே நிக்கிறது கானா, ஐஸ்லாந்து மாதிரி ஊருங்க. நீங்க உங்களுக்கே தெரியாம கானாவுக்கு கிளாஸ் வச்சிருக்கீங்க. யுனைட்டட் கிங்டம் டைம்னு தனியா இருக்கும், அத எடுங்க. எந்த ஊருக்குப் போட்டாலும் நாடு இல்லன்னா ஊர் பேர் இருக்குறதப் பாத்து எடுத்தீங்கன்னா மாறுற தேதியெல்லாம் அதுக்குள்ளயே இருக்கும்.

பாட்டுடீச்சர்_திருநகர்
வந்துருச்சு தம்பி! மார்ச் 28 லண்டன் 3.30, ஏப்ரல் 4ல இருந்து 2.30. நியூஜெர்சி சனிக்கிழமை 6, நவம்பர் 7 அன்னைக்கு 7. 2.30க்குள்ள சமைச்சு சாப்ட்டு எந்திரிக்கணும், அதுக்கு காலண்டர்ல வழி இல்ல.

மேலமாசி_வீதி
இதுலயே ஒண்ணு கேட்டுக்குறேன். போன வருசம் அழகர் ஆத்துல எறங்குறத லைவ்ல பாருடான்னு நியூஜெர்சில இருக்குற சித்தி பையனுக்கு தேதியும் காலைல 6 மணியும் மட்டும் சொல்லிவிட்டேன், அவன் அங்க அதே தேதி காலைல எந்திரிச்சுப் பாக்குறான், இங்க அழகர் எறங்கி ஒம்போதரை மணி நேரம் ஆச்சு. இதையும் நியூயார்க் டைம்ல போடணுமா?

நைட்ஷிப்ட்_நாகமலை
இல்லண்ணே, இது தலைகீழ். அழகரு அவன் தூங்குனானா முழிச்சானான்னு பாத்து எறங்க மாட்டாரு. இந்தியா டைம்லயே போட்டு இன்வைட்டா அனுப்புங்க, அவன் காலண்டர்ல முந்தின நாள் ராத்திரி 8.30னு தானா விழும்.

மேலமாசி_வீதி
அனுப்பிருறேன். ஆனா "முந்தின நாள்"னு போனும் போட்டு சொல்லிருறேன், அவன நம்ப முடியாது.