டீமுக்கு புதுசா வர்றவங்க சீக்கிரம் செட்டில் ஆக என்ன பண்றீங்க?

மூணாவதுமாடி:
அடுத்த மாசம் எங்க டீம்ல மூணு பேர் சேர்றாங்க. ரெண்டு பேர் ஃப்ரெஷர், ஒருத்தர் பத்து வருஷ அனுபவஸ்தர். இதுவரைக்கும் நாங்க பண்ணது என்னன்னா முதல் ரெண்டு நாள் ஸ்லைடு போட்டுக் காட்டுவோம், அப்புறம் ஒரு ஃபோல்டர் லிங்க் குடுத்து "படிங்க, டவுட் இருந்தா கேளுங்க"ன்னு விட்டுடுவோம். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா அடிப்படையிலயே திணறிட்டு இருப்பாங்க. இப்போ மேல இருக்கறவங்க ட்ரெயினிங்கை ஒரு வாரமாக்கச் சொல்றாங்க. எனக்கென்னவோ அதுல நம்பிக்கை இல்ல. உங்க இடத்துல எப்படி?

பழையகணக்கு:
நீட்டாதீங்க பாஸ், வேஸ்ட். எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத அசைகளை தானே மனப்பாடம் பண்ணி எவ்ளோ சீக்கிரம் மறக்குதுன்னு அளந்து 1885லயே புக்கா போட்டார், ஒரு நாளைக்குள்ளயே பெரும்பகுதி போயிடுது (நம்ம ஆஃபீஸ் ஸ்லைடுக்கும் அந்த அசைகளுக்கும் பெருசா வித்தியாசம் இல்லன்னு வைங்க). எப்போ தேவையோ அப்போ சொல்லிக் குடுத்தா தான் நிக்கும். அதனால முதல் வாரத்துலயே சின்னதா ஆனா நிஜமான வேலை ஒண்ணு குடுங்க, யாரோ ஒருத்தர் உண்மையிலயே அதை யூஸ் பண்ணணும், டம்மி எக்சர்சைஸ் வேண்டாம். அதை முடிக்கறதுக்குள்ள யார்கிட்ட அப்ரூவல் வாங்கணும், எந்த ஃபைல் எங்க இருக்கு எல்லாம் தானா தெரிஞ்சிடும். அப்புறம் லாப்டாப், லாகின், ஆக்சஸ் எல்லாம் அவங்க வர்றதுக்கு முன்னாடியே ரெடியா இருக்கட்டும், முதல் நாளே சும்மா உக்காந்திருந்தா "நம்மள யாரும் எதிர்பாக்கல போல"ன்னு தோணிடும்.

இன்னொண்ணு, "டவுட் இருந்தா கேளுங்க"ன்னு சொல்றதே தப்பான வழி. என்ன தெரியலைன்னே தெரியாதவங்க என்னத்த கேப்பாங்க? தெரிஞ்சாலும் இது கூட தெரியலையான்னு நெனச்சிடுவாங்களோன்னு பயம். நீங்க போய் கேளுங்க, அதுவும் "எல்லாம் ஓகேவா"ன்னு கேட்டா ஓகேன்னு தான் பதில் வரும். "இன்னைக்கு எதுல ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க.

இஞ்சிடீ:
+1. கூடவே ஆளுக்கு ஒரு பட்டி (buddy, அதாவது புதுசா வர்றவருக்கு கூட இருந்து வழிகாட்டுற சக ஊழியர்) போடுங்க. மைக்ரோசாஃப்ட்ல இதை அளந்து பாத்திருக்காங்க, முதல் 90 நாள்ல பட்டியை ஒரு தடவையாவது பாத்தவங்கள்ல 56% பேர் சீக்கிரம் வேலைல செட் ஆக அது உதவுச்சுன்னு சொன்னாங்க, எட்டு தடவைக்கு மேல பாத்தவங்கள்ல அது 97%. பேருக்கு ஒரு பட்டி போட்டா போதாதுன்னு இதுலேர்ந்தே தெரியுது. மேனேஜரே பட்டியா இருக்கக் கூடாது. டீம்லயே பெரிய கில்லாடியையும் போடாதீங்க, அவருக்கு எல்லாமே ஈஸியா தெரியும், நேரமும் இருக்காது. போன வருஷம் சேர்ந்த ஆள் தான் பெஸ்ட், எங்கெல்லாம் முட்டிக்கிட்டோம்னு ஞாபகம் இருக்கும். முக்கியமா பட்டியோட வேலைல கொஞ்சம் குறைச்சு விடுங்க, இல்லன்னா ரெண்டாவது வாரமே ஆள் காணாம போயிடுவார்.

மூணாவதுமாடி:
சூப்பர், ஃப்ரெஷர்ஸ் விஷயம் புரியுது. அந்த பத்து வருஷ ஆளுக்கும் இதே தானா? போன வருஷம் சேர்ந்த பையனை அவருக்கு பட்டியா போட்டா சங்கடப்பட மாட்டாரா?

வேலைதேடாதவன்:
அவருக்கு வேற மாதிரிங்க. வேலை தெரியும், இந்த இடம் தான் தெரியாது. எதை யார் முடிவு பண்றாங்க, எந்த மீட்டிங் சும்மா பேருக்கு, யாரைக் கேக்காம எதைத் தொடக் கூடாது, இதெல்லாம் எந்த டாக்குமெண்ட்லயும் இருக்காது. ஃப்ரெஷராவது கேட்டுடுவான், இவர் கௌரவம் பாத்துக்கிட்டு கேக்கவே மாட்டார். அதனால யார் யாரைப் பாக்கணும், ஒவ்வொருத்தர்கிட்டயும் எதைப் பத்தி பேசணும்னு ஒரு லிஸ்ட் எழுதிக் குடுத்து, அவங்ககிட்டயும் நீங்களே முன்கூட்டி சொல்லி வைங்க. பட்டியா அவர் லெவல்லயே பக்கத்து டீம்காரர் ஒருத்தரைப் போடுங்க.

பழையகணக்கு சொன்ன சின்ன வேலை ஐடியா இவர் விஷயத்துல எனக்கு அவ்ளோ உடன்பாடு இல்ல, நம்மள டெஸ்ட் பண்றாங்களோன்னு தோணும். அதுக்கு பதிலா முதல் மாசம் முழுக்க கண்ணுல விசித்திரமா படுறதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லுங்க. கொஞ்ச நாள் போனா அவருக்கும் பழகிடும், அப்புறம் கண்ணுல படாது. மாசக் கடைசில உக்காந்து அதைப் பேசுங்க. ஆனா ஒண்ணு, அப்போ "இங்க அப்படித்தான்"னு மட்டும் சொல்லிடாதீங்க, அடுத்த தடவை வாயே திறக்க மாட்டார்.

பழையகணக்கு:
அதுவும் சரிதான். ஃப்ரெஷர்ஸையும் அந்த ஃபோல்டர்ல தப்பா, பழசா இருக்கறதை திருத்தச் சொல்லுங்க, படிச்ச மாதிரியும் ஆச்சு, அடுத்து வர்றவங்களுக்கும் ஆச்சு.