டிஎன்ஏ-வில் புது எழுத்து சேர்ப்பது தேவைதானா?

ரசவாதி:
கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஃபிளாய்ட் ரோம்ஸ்பெர்க் குழு 2014-இல் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் இரண்டு செயற்கைக் காரங்களை, அதாவது ஏ, டி, ஜி, சி என்ற இயற்கை நான்கோடு சேரும் புது டிஎன்ஏ எழுத்துகளை, புகுத்தியது. சுருக்கமாக எக்ஸ், ஒய். அன்றிலிருந்து யார் பேசினாலும் உயிரின் எழுத்து நான்கிலிருந்து ஆறாகிவிட்டது என்றே ஆரம்பிக்கிறார்கள். நடந்தது என்னவென்றால், ஒரு பிளாஸ்மிடில் (பாக்டீரியாவின் முதன்மை டிஎன்ஏ-வுக்கு வெளியே உள்ள சிறு டிஎன்ஏ வளையம்) ஒரே இடத்தில் ஒரு ஜோடி. பாக்டீரியாவால் அந்த எழுத்துகளைத் தயாரிக்க முடியாது, நாம்தான் ஊட்ட வேண்டும், ஊட்டினாலும் தானாக உள்ளே போகாது என்பதால் டயாட்டம் என்ற நுண்பாசியிலிருந்து ஒரு கடத்திப் புரதத்தின் மரபணுவைக் கொண்டுவந்து வைத்தார்கள். கெட்டிக்கார வேலை, மறுக்கவில்லை. இதை வைத்து என்ன சாதித்தோம் என்பதுதான் என் கேள்வி.

மைட்டோமணி:
2014-லேயே நின்றுவிட்டீர்களே சார். 2017 தொடக்கத்தில் அதே குழு ஜோடியில் ஒரு பக்கத்தை மாற்றி, கடத்தியையும் சரிசெய்து, எழுத்தைத் தொலைத்த பிளாஸ்மிடை, காஸ்9 என்ற டிஎன்ஏ வெட்டும் நொதியை வைத்து வெட்டிப்போடும் ஏற்பாட்டையும் சேர்த்தது. அதன் பிறகு எழுத்து நன்றாகவே தங்கியது. அதே வருடக் கடைசியில் அந்தப் புது எழுத்துள்ள கோடானை, அதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லை, படித்து, இயற்கையில் இல்லாத அமினோ அமிலத்தைச் சேர்த்து, பச்சை ஒளிர் புரதத்தையே செல் உருவாக்கியது. சேமித்தது, நகலெடுத்தது, படித்தது, மூன்றும் ஆயிற்று. நான்கு எழுத்தில் 64 கோடான், ஆறு எழுத்தில் 216. இன்னும் என்ன வேண்டும்?

கேள்விக்குறி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஏ-டி, ஜி-சி ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்கின்றன என்று பள்ளியில் படித்தோம். இந்த எக்ஸ்-ஒய்க்கு ஹைட்ரஜன் பிணைப்பே இல்லையாமே? அப்புறம் எப்படி ஒட்டுகிறது?

மைட்டோமணி:
நீரை வெறுக்கும் தன்மை, வடிவப் பொருத்தம், இரண்டும்தான். 1990-களில் எரிக் கூல் என்ற வேதியியலாளர் தைமினைப் (டி எழுத்து) போலவே உருவம் உள்ள, ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பு சரியாகப் போட முடியாத ஒரு மூலக்கூறைச் செய்து பார்த்தார். டிஎன்ஏ-வை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி அதற்கு எதிரே ஏ-வைத்தான் பெரும்பாலும் வைத்தது. வடிவம் சரியாக இருந்தால் நொதிக்குப் போதும் என்று தெரிந்தது. ரோம்ஸ்பெர்க் அந்த வழியில் போனார். ஃபிளோரிடாவில் ஸ்டீவன் பென்னர் போனது வேறு வழி. அவர் ஹைட்ரஜன் பிணைப்பை விடாமல், அதன் கொடுக்கும் பக்கத்தையும் வாங்கும் பக்கத்தையும் இடம் மாற்றிப் புது ஜோடிகள் செய்தார். 2019-இல் அவர் குழு வெளியிட்ட ஹச்சிமோஜி டிஎன்ஏ-வில் மொத்தம் எட்டு எழுத்து.

ரசவாதி:
அந்த எட்டு எழுத்தும் சோதனைக் குழாயில், தம்பி, செல்லுக்குள் இல்லை. சரி, 216-க்கு வருவோம். அது வெறும் பெருக்கல் கணக்கு. ஒவ்வொரு புதுக் கோடானுக்கும் தனி டிஆர்என்ஏ (கோடானைப் படித்து அதற்குரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் மூலக்கூறு) வேண்டும், அதில் புது அமினோ அமிலத்தை ஏற்ற, மற்ற நொதிகளோடு குழம்பாத தனி நொதி வேண்டும். இடையூறு அங்கேதான் இருக்கிறது, எழுத்துப் பஞ்சத்தில் இல்லை. கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் குழு புது எழுத்தே சேர்க்காமல் 2019-இல் என்ன செய்தது பாருங்கள். சுமார் 40 லட்சம் எழுத்துள்ள ஈ.கோலை மரபணுத் தொகுதி முழுவதையும் செயற்கையாக எழுதி, 18,000-க்கும் மேற்பட்ட இடங்களில் கோடான்களை மாற்றி, மூன்று கோடான்களை மொத்தமாகக் காலி செய்தது. 2021-இல் அந்தக் காலி இடங்களில் புது அமினோ அமிலங்களை உட்காரவைத்தார்கள். கூடவே, அவற்றைப் படிக்கும் டிஆர்என்ஏ-க்களை நீக்கியதும் பல வைரஸ்களால் அந்தச் செல்லுக்குள் பெருக முடியவில்லை. இருக்கும் எழுத்தே போதும்.

பழையசோறு:
பணக் கணக்கையும் பார்ப்போம். ரோம்ஸ்பெர்க் தொடங்கிய சின்தோர்க்ஸ் நிறுவனத்தை வாங்க 2019 டிசம்பரில் சனோஃபி சுமார் 250 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. புது எழுத்தை வைத்து, நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 புரதத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலியை ஒட்டிய புற்றுநோய் மருந்துதான் அதில் முக்கியச் சரக்கு. 2022-இல் அந்த மருந்துக்குப் பெரிய சறுக்கல். ஆக ரசவாதி சொல்வதுதான் சரி.

மைட்டோமணி:
இது நியாயமில்லாத வாதம். அதே 2022-இல் நெக்டார் நிறுவனத்தின் பெம்பெகால்டெஸ்லூக்கின் மருந்து, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. அதுவும் பெக் ஒட்டிய இன்டர்லூக்கின்-2 தான், ஆனால் செயற்கை எழுத்து எதுவும் கிடையாது. எழுத்து இல்லாத மருந்தும் விழுந்திருக்கும்போது பழியை எழுத்தின் மேல் போட்டால் எப்படி? பயன் வேண்டுமென்றால் பென்னரின் பழைய ஐசோ-ஜி, ஐசோ-சி ஜோடியைப் பாருங்கள். எச்ஐவி நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் அளவைக் கணக்கிடும் கிளை டிஎன்ஏ பரிசோதனையில் அதைப் பயன்படுத்தினார்கள். இயற்கை டிஎன்ஏ-வோடு ஒட்டாததால் பொய்ச் சமிக்ஞை குறைந்தது. வித்தை என்று சொல்பவர்கள் கண்ணில் இதெல்லாம் படுவதே இல்லை.

அப்புறம் பாதுகாப்பு. ஊட்டினால்தான் எழுத்து உண்டு என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். ஆய்வகத்தைவிட்டுத் தப்பினால் பிழைக்காது, அது நல்லதுதானே.

ரசவாதி:
அந்தப் பரிசோதனையை ஏற்கிறேன், ஆனால் அது உயிரில்லாத வேதியியல். பாதுகாப்பு வாதம் மட்டும் நிற்காது. 2014 செல்லுக்கு ஊட்டுவதை நிறுத்தினால் அது சாகாது. எக்ஸ்-ஒய் இருந்த இடத்தில் சாதாரண ஜோடி வந்து உட்காரும், பாக்டீரியா பழையபடி சௌக்கியமாக இருக்கும். தப்பினால் சாக வேண்டுமென்றால் அதற்கு இன்றியமையாத புரதங்களையே செயற்கைப் பொருளுக்குக் கட்டிவைக்க வேண்டும். அதை ஜார்ஜ் சர்ச், ஃபேரன் ஐசக்ஸ் குழுக்கள் 2015-இல் செயற்கை அமினோ அமிலத்தை வைத்தே செய்து காட்டின. அங்கேயும் எழுத்து நான்குதான்!

கேள்விக்குறி:
புது எழுத்துக் கோடான் இப்போது ஒரே செல்லில் எத்தனை வேலை செய்கிறது? 216-ஆ?

மைட்டோமணி:
2020-இல் ரோம்ஸ்பெர்க் குழு காட்டியது மூன்று. ஆக 67 கோடான்.

ரசவாதி:
சின் காலி செய்ததும் மூன்று.

மைட்டோமணி:
அதற்கு அவர் மரபணுத் தொகுதி முழுவதையும் எழுதினார், இவர்கள் ஒரு பிளாஸ்மிடைத் தொட்டார்கள். நாலாவது கோடான் வேண்டுமென்றால் யாருக்கு வேலை குறைவு என்று நீங்களே சொல்லுங்கள்.

ரசவாதி:
நாலாவதற்கும் தனி நொதி யார் செய்வது? அதற்குப் பதில் சொல்லாமல் பிளாஸ்மிடையே காட்டிக்கொண்டிருந்தால் எப்படி?