ஜோர்ஜ் மைக்கல் கசெற், யாழில் யாராவது உதவுங்கோ

வணக்கம் உறவுகளே, யாழ்ப்பாணத்தில் பழைய கசெற்றை எம்பி3 ஆக மாற்றித் தருகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? மாமாவிடம் ஆங்கிலப் பாடகர் ஜோர்ஜ் மைக்கலின் 'ஃபெயித்' கசெற் இருக்கிறது. அவர் இருந்த 'வாம்' பாட்டுக்குழு 1986இல் லண்டன் வெம்பிளியில் கடைசியாகப் பாடிக் கலைந்த பிறகு, 1987இல் அந்தாள் தனியாக விட்ட முதல் ஆல்பம், ரெக்கோடிங் பாரில் (பாட்டுப் பதிந்து தரும் கடையில்) அடித்த கொப்பிதான். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைச் சுற்றச் சுற்ற, டைனமோவில் மாமா கேட்ட கசெற். என் கை சோர்ந்தால் பாட்டு இழுபடும், உடனே ஏச்சு விழும்.

போன கிழமை ஒரு கடையில் கொடுத்தேன், ரேப்பைக் கசக்கித் தந்துவிட்டார்கள். யூடியூப்பில் கேட்கலாமே என்று மட்டும் சொல்லாதீர்கள், பி பக்கத்தின் கடைசியில் செத்துப்போன மாமியின் குரல் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. ஜோர்ஜ் மைக்கலின் 1996இல் வந்த 'ஓல்டர்', 2004இல் வந்த 'பேஷன்ஸ்' இரண்டு ஆல்பத்தையும் மாமா கேட்டதே இல்லை. மெதுவான பாட்டுத்தான் அவருக்குப் பிடிக்கும், பென்டிரைவில் எவற்றைப் போடலாம்? இவருக்கு 'வாம்' காலத்துத் துள்ளல் பாட்டு எதுவும் சரிவராது.